என்னை மட்டும் நிற்க வைத்திருக்கிறார்கள்

கோல்கீப்பர் வேலையில் ஒன்பது பந்தைப் பிடித்தால் அது கடமை. பத்தாவதை விட்டால் அதுதான் செய்தி. கரண்ட் போனால் மட்டும் ஞாபகத்துக்கு வரும் லைன்மேன்களுக்கும், குழம்பில் உப்பு குறைந்த நாளில் மட்டும் பேர் அடிபடும் சமையல்காரர்களுக்கும் இது புரியும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் பம்மல்காரன். எங்கள் வீட்டின் முதல் பி.காம். படித்து முடித்ததும் சென்னை கால்பந்து லீக்கில் ஆடும் ஒரு கிளப் என்னை ஒரு வருட ஒப்பந்தத்தில் இரண்டாவது கீப்பராக எடுத்தது. முதல் கீப்பர் பிரவீன், என்னைவிட அரை அடி உயரம். சீசன் முடிவில் எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த ஒருவன் நான் இல்லையென்றால் பந்தை விட்டுவிட்டு பேங்க் பரீட்சை எழுதுவதாக அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அம்மா அடுத்த வாரமே பரீட்சைப் புத்தகங்களை வாங்கி, அட்டையும் போட்டு வைத்துவிட்டார்.

அப்பாவின் சந்தேகம்

அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தாம்பரத்தில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வந்தார். பிரவீனுக்கு அன்று ஓய்வு, நான்தான் கீப்பர். எதிரணி ரொம்ப சாது. பந்து என்னிடம் வந்ததே இரண்டு முறைதான், அதுவும் எங்கள் ஆளே திருப்பிக் கொடுத்தது.

வேலியோரம் நின்று கடைசிவரை பார்த்த அப்பா, திரும்பி வரும் வழியில் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாரும் ஓடிக்கினு கீறானுங்க. உன்னிய மட்டும் ஏன்டா நிக்க வெச்சிருக்காங்க? தப்பு எதுனா பண்ணிட்டியா?"

ஷேர் ஆட்டோவில் ஒரு இரக்கம்

கீப்பரின் கிளவுஸ் உள்ளங்கைப் பக்கம் ஈரமாக இருந்தால்தான் பந்து ஒட்டும். நான் எதையும் கவனமாகச் செய்கிறவன். நன்றாக நனைத்து, பாலிதீன் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, மூன்று நாள் வைத்திருந்தேன். பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதும், ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பையை அவிழ்த்தேன்.

ஈரம் இருந்தது. எதிரில் இருந்தவர் தன் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் பொறுத்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "தோல் கம்பெனில வேலையா தம்பி? பாத்தா படிக்கிற மூஞ்சியாதான் கீது. ஒரு டிகிரி முடிச்சிருக்கலாம்ல?"

அதிகப்படி மரியாதை

சீசன் பாதியில் பிரவீனுக்கு விரல் பிசகியது. அவனுக்காக வருத்தப்பட்டேன், வருத்தப்பட்ட அளவு சந்தோஷமும் பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மீதி ஆட்டங்களுக்கு நான்தான்.

பந்து உயரத்தில் வரும்போது, அதை எடுக்கப்போவது கீப்பர் என்றால் "கீப்பர்!" என்று ஒரே சொல்லாகக் கத்த வேண்டும். முன்னால் இருப்பவர்கள் விலகிவிடுவார்கள். என் முதல் லீக் ஆட்டத்தில் முன்னால் இருந்தவர் சலீம் அண்ணன். கீழ்க்கட்டளைக்காரர், என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், அன்று காலைதான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். அவரை எப்படி அதட்டுவது? "அண்ணா, நீங்க விட்டுடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது அண்ணாவில் இருவரும் மோதி விழுந்தோம். பந்து தனியாக உள்ளே போனது.

சலீம் அண்ணன் புல்லில் படுத்தபடியே சொன்னார்: "நீ லெட்டர் எழுதி, கீழ 'இப்படிக்கு'ன்னு போடுறதுக்குள்ள கோல் வுழுந்துடுச்சுடா தம்பி."

நோட்டு

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். அதை வைத்துத்தான் யார் தங்குவது என்று முடிவு செய்வதாகக் கோச் சார் சொல்லியிருந்தார். அது கோப்பைக்கான இறுதி ஆட்டம், டிரா ஆனால் பெனால்டியில் முடிவாகும். எனவே எதிரணியின் நான்கு ஆட்டங்களை கேலரியில் உட்கார்ந்து பார்த்து, யார் பெனால்டியை எந்தப் பக்கம் அடிக்கிறார் என்று கோடு போட்ட நோட்டில் எழுதினேன். ஏழாம் நம்பர், இடது. பத்தாம் நம்பர், வலது. முந்தின நாளே மனப்பாடம்.

ஆட்டம் டிரா. எங்கள் ஐந்து பேரும் கோல் அடித்தார்கள். எதிரணியின் முதல் நான்கு பேர் அடித்தபோது நான் நான்கு முறையும் தெளிவாக, தைரியமாக, எதிர்ப்பக்கம் பாய்ந்தேன். நான்காவது முறை மண்ணில் கிடந்தபோதுதான் உறைத்தது. கேலரியில் நான் உட்கார்ந்திருந்தது அடிக்கிறவனின் முதுகுக்குப் பின்னால். இங்கே அவன் என்னைப் பார்த்து நிற்கிறான். நோட்டில் இருக்கும் இடது எனக்கு வலது.

ஐந்தாவது ஆள் வந்தார். இவருக்கு நோட்டில் வலது. அப்படியென்றால் எனக்கு இடது. ஆனால் இவர் அடித்ததை மட்டும் இடைவேளைக்குப் பிறகு இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேனோ? யோசித்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள். பந்து நேராக நடுவில் வந்து, நகராமல் நின்றிருந்த என் நெஞ்சில் பட்டுத் திரும்பியது. ஜெயித்துவிட்டோம். சலீம் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினார். கட்டுப்போட்ட விரலோடு பிரவீனும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கோச் சார் என்னைக் கூப்பிட்டு, மேஜையில் புது ஒப்பந்தத்தை வைத்தார். "கடைசி வரைக்கும் அசையாம நின்ன பாரு, அதுக்கு நெஞ்சுல தில்லு வேணும்" என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை. நோட்டு, கேலரி, இடது, வலது எல்லாவற்றையும் சொன்னேன். நின்றது தைரியத்தில் இல்லை, குழப்பத்தில் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினார்: "மொதல்ல கையெழுத்தப் போடு. உண்மையெல்லாம் வெளிய போய் பேசிக்கலாம்."

தப்பு எதுவும் பண்ணவில்லை, ஆனால் இன்னும் ஒரு வருடத்துக்கு என்னை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.