மண்டியில் முதல் ஆள்

அரூர் மஞ்சள் மண்டியில் நான் மூட்டை தூக்கிய நாட்களில், மேஸ்திரி முதலில் கூப்பிடுவது எப்போதும் எங்களோடு மூட்டை தூக்கிய அண்ணன் ஒருவரைத்தான். கழுத்தே தெரியாத தோள், முன்னே தள்ளிய தாடை, பருத்த விரல்கள். என்னைப் போன்ற ஒல்லி ஆட்கள் மிச்ச வேலைக்காக வெயிலில் நிற்போம். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

சும்மா இருக்கும்போதெல்லாம் ஈரத்தை உதறுவதுபோல் கைகளை உதறிக்கொண்டே இருப்பார். ஜிம்மில் யாரோ விற்ற வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார் என்று மண்டியில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் டீக்கடையில் அவரிடம் கேட்டே விட்டேன்.

“அண்ணா, அந்த ஊசிய எனக்கும் வாங்கிக் குடுங்க.”

“வேணாம்டா. கையி மரத்துப்போவுது, மூட்டெல்லாம் வலி. செருப்பு பத்தாம காலு பெருத்துடுச்சு. சக்கரையும் ஏறிடுச்சுன்னு டாக்டரு திட்றாரு.”

“அப்ப நிறுத்திடுங்க.”

“நிறுத்துனா மேஸ்திரி என்னை உன் பக்கத்துல நிக்க வெச்சுடுவாருடா, ஒட்டடக்குச்சி!” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளத்தான் பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் மேஸ்திரி குரல் கொடுத்தார். மூட்டை தூக்க அண்ணன் சட்டையைக் கழற்றப் பார்த்தார். மரத்த விரல்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. வெட்கத்தோடு என் பக்கம் திரும்பினார். நான்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன். இன்றும் ஆள் பொறுக்கும் இடங்களில் நிற்கும்போது, அந்த மரத்த விரல்கள் அல்ல, என் கைக்கு அருகே விரிந்த அந்த மார்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.