பச்சை வட்டம்

பழைய பத்திரிகைத் துண்டுகளும் சாக்குக் கிழிசல்களும் ஒட்டிய கன்வசில், அக்ரிலிக் வண்ணத்தால் பசுவொன்றை வரைந்துகொண்டிருந்தேன். பின்புலத்துக்காகத் தகரப் பால்பேணியின் விளிம்பைப் பச்சையில் தோய்த்து வட்டங்கள் பதித்தபோது, ஒன்று தவறிப் பசுவின் கழுத்தில் விழுந்தது.

அக்கணமே சண்டிலிப்பாயில் எங்கள் மாட்டுக்கொட்டில் கண்முன் வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. பட்டிப்பொங்கலன்று ஐயா எங்கள் பசு சிவப்பிக்கு வைத்த சந்தனப் பொட்டு மாலைக்குள் உதிர்ந்துவிட்டது. உதிராத பொட்டொன்று வைக்க விரும்பிய நான், யன்னலுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ற்றில் பேணியைத் தோய்த்து அவள் கழுத்தில் அழுத்தினேன்.

மறுகிழமை, பால் வற்றிய சிவப்பியை வாங்க ஒருவர் வந்தார். நான் அவளுடைய கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவர், சொந்தக்காரர் யாரோ இட்ட குறியோ என்று அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"உது ஆற்றை குறி, அண்ணை?"

"குறியில்லைத் தம்பி. உவன் என்ரை பெடியன் வைச்ச பொட்டு."

"பெயின்ற்றிலை பொட்டோ? களவுமாடெண்டு என்னைப் பிடிச்சால், உங்கடை பெடியனே வந்து சாட்சி சொல்லுவான்?"

அவர் வாங்காமல் போனதும் ஐயா பூவரசங்கம்பு ஒன்றை முறித்தார். சிவப்பியோ என் தலையை நக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்த ஐயா, கம்பைக் கூரையில் செருகினார்.

"இனி உவளை ஆர் வாங்கப்போறான்? நீயே புல்லு வெட்டிப் போடு."

அன்றுமுதல் நானே வெட்டிப் போட்டேன்.

இப்போது, நான் வரைந்துகொண்டிருந்த அறைக்குள் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, மாட்டின்ரை கழுத்திலை பச்சை பட்டிட்டுது. காயமுதல் துடையுங்கோ."

"வேண்டாம். துடைச்சால் ஆரும் வாங்கிக்கொண்டு போயிடுவினம்."