கோல்கீப்பரைப் பற்றி நான் சொன்ன அபிப்பிராயம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊர் ஹாக்கி அணியில் நன்றாக ஆடிய ஐந்து பேர் ஒரே வருடத்தில் வேலை கிடைத்து மதராசுக்குப் போய்விட்டார்கள். புது ஆட்களை வைத்து அணியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மட்டையையே தொட்டறியாத நாங்கள் நான்கு குமாஸ்தாக்கள், பெரிய காஞ்சிபுரத்துக் காபி கிளப்பில் உட்கார்ந்து தினமும் அந்த அணியைக் கலைத்துக் கலைத்து அடுக்குவோம்.

ஒரு நாள் நான், "முன்வரிசை தேறிடும்பா. அந்தப் புது கோல்கீப்பரைத்தான் மாத்தணும். இடது பக்கம் பந்து வந்தா மரமாட்டம் நிக்கிறான்" என்றேன்.

பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். விரல்களெல்லாம் சிவப்புச் சாயம்.

"நான்தான் சார் அது. சாயப்பட்டறையில வேலை. நீங்க சொல்றது நெஜந்தான். சாயந்தரத்துல வந்து இடது பக்கமாவே பந்து அடிங்க சார், பழகிக்கிறேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் நானும் சரியென்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு மாதம் ஏரிக்கரைப் பொட்டலில் தினமும் அடித்தேன். என் உள்ளங்கை கொப்பளித்தது. நான் அடித்த பந்து எங்கெங்கோ ஓடியது. ஒரு முறைகூடச் சிரிக்காமல் அவரே ஓடி எடுத்து வந்தார்.

வாலாஜாபாத்தோடு நடந்த ஆட்டத்தில் இடது பக்கம் வந்த பந்துகளையெல்லாம் அவர் தடுத்தார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆனால் வலது பக்கம் ஒரு பந்து புகுந்து, தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "நாளைக்கு வலது பக்கம் ஆரம்பிக்கலாமா சார்?"

அன்று போல நான் எந்த வெற்றிக்கும் சந்தோஷப்பட்டதில்லை.