எங்கள் வீட்டுக்குக் கதவில்லாத கோடை

இரண்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அப்பா சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே வீட்டுக்குள் இருந்த கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டார்.

அங்கே அவருக்குக் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக இருந்த எங்கள் ஓட்டுவீட்டில் கப்பல் எதுவும் கிடைக்காததால் கதவுகள் அகப்பட்டுக்கொண்டன என்று அம்மா சொன்னாள். சமையல்கட்டு, படுக்கையறை, நெல்மூட்டை அறை என்று எல்லாக் கதவுகளிலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பழைய பெயின்டின் மேலேயே புதியதை அப்பியிருந்தார்கள். தொட்டால் பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். அப்பா அவற்றைக் கூடத்தில் பெஞ்சுகளின் மேல் படுக்கவைத்தார்.

"நிக்கவச்சு அடிச்சா பெயின்ட் வழிஞ்சு வழிஞ்சு நின்னுடும் பாப்பா. படுக்கவச்சாத்தான் மொழுமொழுன்னு வரும்" என்றார்.

அதுவரை அப்பா எனக்குப் போனில் கேட்கும் குரல்தான். அவர் வந்த அன்று முழுக்க ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இப்போது ஒளிந்துகொள்ளக் கதவும் இல்லை.

கதவிருந்த இடங்களிலெல்லாம் அம்மா பழைய புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். அறுவடை முடிந்து வெறுமனே கிடந்த வயல்களிலிருந்து மத்தியானக் காற்று கொல்லை வழியாக உள்ளே வந்து, புடவைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டு வாசல் வழியாகப் போகும். வீடே எங்கேயோ மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பது போல இருக்கும். பெஞ்சுகளுக்கு நடுவே, படுத்திருக்கும் கதவுக்கு அடியில் பாயை விரித்து நான் படுத்துக்கொள்வேன். மேலே அப்பா உப்புத்தாளால் தேய்க்கும் சத்தம் சர்ர் சர்ர் என்று கேட்கும். கதவின் ஓரங்களிலிருந்து தூள் வெயிலில் மிதந்து இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

"கண்ண மூடிட்டுத் தடவிப் பாரு பாப்பா. எங்கயாவது சொரசொரங்குதா?" என்று ஒருநாள் என்னை எழுப்பினார். நான் தடவினேன். ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க" என்றேன். அவரும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம்" என்றார். அங்கே பட்டி மாவை அப்பிச் சமப்படுத்தி மறுபடி தேய்த்தார். அன்றிலிருந்து நான் அப்பாவோடு பேச ஆரம்பித்தேன்.

அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்ட மாமா, அம்மாவின் தம்பி, அங்கிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். "எப்ப மச்சான் வர்றீங்க? மேனேஜர் கேட்டுட்டே இருக்காரு."

"கதவு வேலை முடியட்டும் மாப்ள. முடிஞ்ச மறுநாளே டிக்கெட் போட்டுடறேன்" என்றார் அப்பா.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை சோற்றில் தூசி விழுகிறது, சீக்கிரம் முடிக்கக் கூடாதா என்று நச்சரித்தவள், அதன்பிறகு கதவுகளில் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். "இங்க இன்னும் சொரசொரப்பாதான் இருக்குங்க" என்பாள். நான் தடவிப் பார்ப்பேன். கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனாலும் அப்பா மறுபடி உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எப்படியோ கடைசிப் பூச்சும் வந்துவிட்டது. வெளிர்நீல எனாமல். படுக்கையறைக் கதவு ஒன்றுதான் பாக்கி. அதையும் அடித்து முடித்துவிட்டு அப்பா மோட்டார் கொட்டகைக்குக் குளிக்கப் போனார். ஓட்டில் பதித்திருந்த கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம், குளத்துத் தண்ணீரில் கிடப்பது போல அந்தக் கதவில் கிடந்தது. நான் புடவைத் திரைக்குப் பின்னால் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

அம்மா வந்தாள். கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, காய்ச்சல் அடிக்கும்போது என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, வலது கையைக் கதவின் நட்டநடுவில் மெல்ல வைத்து அழுத்தினாள். கையை எடுத்து மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தபடி சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அப்பா ஈரத்தலையோடு வந்தார். குனிந்து பார்த்தார். "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்து அந்தத் தடத்துக்கு மேலே, படாமல் விரித்துக் காட்டினார். அந்தத் தடத்தில் பாதிகூட இல்லை என் கை.

"பாப்பா கைதான்" என்றார்.

"நான் இல்லப்பா! அம்மாதான் வச்சாங்க!"

சமையல்கட்டில் ஒரு பாத்திரச் சத்தமும் இல்லை.

"பாப்பா கைதான். எனக்குத் தெரியாதா?" என்று அவர் அந்தப் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னார். "இது நல்லா காஞ்சாத்தான் மறுபடி தேய்க்க முடியும். ஒரு வாரம் ஆகும் போலருக்கே!"

"ஆகட்டுமே" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சின்னப் புள்ளதானே... திட்டாதீங்க."

நான் ஓவென்று அழுதேன். மாமாவிடமும் அப்பா போனில், "பாப்பா கைய வச்சிடுச்சு மாப்ள, என்ன செய்யச் சொல்ற?" என்றுதான் சொன்னார். அம்மா புடவைத் திரையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க இரண்டுபேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் இரண்டுபேரோடும் டூ விட்டிருந்தேன்.

பிறகு கதவுகள் நிலையில் ஏறின. திருச்சி விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் அப்பா என் முன்னால் குந்தி, "இன்னும் கோவமா?" என்றார்.

"என் கை இல்லன்னு சொல்லுங்க."

அவர் என் காதில், "உன் கை இல்லன்னு அப்பவே தெரியும்" என்றார்.

அம்மா சிரித்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது. வேன் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறைந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெரிந்திருந்தும் அத்தனை பெரிய கதவை மறுபடி முழுக்கத் தேய்த்தாரே, கையை வைத்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லையே, இது என்ன நியாயம் என்று யோசித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.