இரண்டு பெட்டிகளுக்கு இடம்

என் கணவர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு குடோனில் வேலை பார்த்தார். எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தார். அவர் இறந்து நாலு மாதம் ஆகியும் நான் அதைத் திறக்கவில்லை.

அவருடன் வேலை பார்த்தவர், இடக்கொச்சிக்காரர், அவரும் தேனீ வளர்ப்பவர், போன் செய்தார்.

"சேச்சி, தேனடைக்குக் கீழே விரல் நுனி மாதிரி ராணிக்கூடு தொங்குதான்னு பாருங்க. இருந்தா கூட்டத்தை ரெண்டு பெட்டியாப் பிரிக்கணும். இல்லேன்னா பாதிக் கூட்டம் பறந்துடும். ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

தொங்கியது. ஞாயிறு வரை காத்திருக்கத் தோன்றவில்லை. வேறு வேலையும் இல்லை. அவர் செய்து பார்த்திருந்தபடி புகை காட்டி, ராணிக்கூடு இருந்த அடைச் சட்டத்தையும் குஞ்சுப் புழுக்கள் இருந்த இரண்டு சட்டங்களையும் ஈக்களோடு, அவர் வாங்கி வைத்திருந்த ஒரு காலிப் பெட்டிக்கு மாற்றினேன். பழைய ராணி பழைய பெட்டியிலேயே இருந்தது. புதுப் பெட்டியை மாடியின் மறுகோடியில் வைத்தேன். மறுநாள் மீன் விற்கும் சேச்சி, "கை என்ன இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டபோதுதான் கொட்டியிருப்பதையே பார்த்தேன்.

அன்று சாயங்காலம் புதுப் பெட்டியில் ஒரு கைப்பிடி ஈக்கள்கூட இல்லை. இடக்கொச்சிக்காரருக்குப் போன் செய்தேன்.

"எங்கே வச்சீங்க?"

"அந்த ஓரத்துல."

"அதான். வெளியே போற ஈ, பெட்டியைப் பார்த்துத் திரும்பாது சேச்சி, இடத்தைப் பார்த்துத்தான் திரும்பும். பழைய இடத்தைக் காலியா விட்டுட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒண்ணா வைங்க. வர்ற ஈ ரெண்டுக்கும் பிரிஞ்சு போகும்."

பழைய இடத்துக்கு ஒரு பக்கம் சுவர் வரை காலி இடம். மறுபக்கம் என் கணவருடைய இரும்புக் கட்டில். கடைசி மாதங்களில் காற்றுக்காக அங்கேதான் படுத்திருந்தார். விரித்த பாய்கூட அப்படியே இருந்தது. பாயைச் சுருட்டினேன். கட்டிலை இழுத்துப் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தினேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. பெட்டிகளை வைத்தேன்.

காலையில் ஈக்கள் வெறும் இடத்தில் வட்டமிட்டுத் தடுமாறின. பிறகு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாக நுழைந்தன. பழைய பெட்டிக்குக் கூட்டம் அதிகமானால், இருட்டிய பிறகு அதைக் காலி இடத்திலிருந்து இன்னும் நாலு விரல் தள்ளி வைப்பேன். ஒரு வாரம் அப்படிப் போனது.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை வர முடியாமல் போன இடக்கொச்சிக்காரர் மூன்று வாரம் கழித்து வந்தார். புதுப் பெட்டியின் சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"முட்டை வச்சிருக்கு சேச்சி! புது ராணி நல்லா இருக்கு."

அறைக்கு ஒன்றாக, நூல் துண்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. அவர் சிரித்தார்; எனக்கு அந்த அளவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு பெட்டியை நான் கொண்டுபோகட்டா? எங்க வீடு தூரம்தானே, ஈ திரும்பி வராது. உங்களுக்கும் பாடு குறையும்."

"வேண்டாம். ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டுச் சட்டத்தை உள்ளே இறக்கினார். நான் சாயா போடக் கீழே இறங்கினேன்.