கண்டோனீஸில் வீடு தேடியவன்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் புதுக் கொண்டோவுக்குப் போயிருந்தேன். லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு: கடும் மணம் வீசும் சமையலைத் தவிர்க்கவும். முப்பத்திரண்டாவது மாடிவரை அதையே படித்துக்கொண்டு போனேன். மனிதர்கள் குடியிருக்கும் இடத்தில் ஒரு வெங்காயம்கூட வதங்கவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். கதவு திறப்பதற்குள் என் மூக்கு பழைய நாள்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. தலையில் முடி இருந்தது, நம்புங்கள். காப்பாரில் ஸ்டெல்லாவைப் பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பா அதிகம் பேசமாட்டார். "வீட்டுச் சாவியக் காட்டுங்க மாப்ள, அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்றேன்" என்றார். சாவி இல்லாவிட்டால் பூசையில் பெயர் வாசிக்கும் அந்தக் கல்யாண ஓலை இல்லை; ஓலை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை.

நான் சாலாக் செலாத்தானில் வளர்ந்தவன். சீனப் பிள்ளைகளோடு கோலி விளையாடியதில் கண்டோனீஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டது. போனில் கேட்டால் சீனன். நேரில் பார்த்தால் அச்சு அசல் என் அப்பா. இதைப் பெரிய சொத்து என்று நினைத்து, வீட்டு விளம்பரங்களுக்கெல்லாம் கண்டோனீஸில் போன் போட்டேன். உடனே "வா, வா" என்பார்கள்.

ஒரு வீட்டில் கேட்டைத் திறந்த சீன அம்மா என் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "உங்க பாஸ் எங்க?"

"நான்தான் ஆன்டி போன் பண்ணேன்."

"ஐயோ, இப்பதான் வேற ஆளு எடுத்துட்டாங்க லா."

'வாடகைக்கு' என்ற அட்டை எங்கள் இருவர் தலைக்கும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஏழு வீடு. ஒவ்வொரு முறையும் என் உச்சரிப்பில்தான் ஏதோ கோளாறு என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் பேசிப் பழகினேன். அவ்வளவு புத்திசாலி.

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "நாம என்ன திருடங்களா, ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் போறதுக்கு? மொதல்லயே சொல்லுங்க. தமிழங்க, சமைப்போம், ஞாயித்துக்கெழமை மீன் கொழம்புன்னு. வேணாம்னா பஸ் காசாவது மிச்சம் லா."

மறுநாள் பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு, அதையே கண்டோனீஸில் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். நான்கு பேர் டமால் என்று வைத்தார்கள். ஐந்தாவது ஆள், கறி வாசம் திரைச்சீலையில் ஏறினால் போகவே போகாது என்று நெடுநேரம் பாடம் எடுத்தார். "உங்க எறா பெலாச்சான வறுத்தா மட்டும் மல்லிகப் பூவா மணக்குது, அங்கிள்?" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் வீடு தரவில்லை.

ஆறாவது, பிரிக்பீல்ட்ஸ் பழைய ஃபிளாட்டில் ஒரு சீன ஆன்டி. போனை வைக்கவில்லை. கேட்டார்: "என்ன மீன்?"

"தெங்கிரி, ஆன்டி."

"முன்னாடி இருந்தவன் மூணு வருஷமா அடுப்பையே பத்த வெக்கல. வீடு செத்துப்போய்க் கெடக்கு. வந்து பாரு."

போனேன். மேலும் கீழும் பார்த்தார். "குரலக் கேட்டு நீ நல்லா குண்டா இருப்பன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். ஸ்டெல்லாவின் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஞாயிறே எங்கள் பெயர்களைக் கோயிலில் வாசித்தார்கள்.

அந்த ஃபிளாட்டை இடித்து வருடக்கணக்காகிறது. ஆன்டி ஈப்போவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு கிராணியின் சம்பளத்துக்கு அடங்கிய வீடு என்பதும் அந்தச் செங்கல்லோடு சேர்ந்து லோரியில் ஏறிப் போய்விட்டது. இப்போது வீடு தேடும் பிள்ளைகள் பெயரையும் இனத்தையும் கைப்பேசியில் தட்டி அனுப்புகிறார்கள். படித்துவிட்டார்கள் என்று இரண்டு நீலக் குறி விழுகிறது, அதோடு சரி. என்னை வேண்டாம் என்றவர்கள் போனையாவது எடுத்தார்கள். நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன். இவர்களுக்குச் சண்டை போடக்கூட எதிரில் ஆள் இல்லை.