பள்ளிக்கூடத்து மூலையில் தேங்கிய தண்ணீர்

நகத்துக்குள் புகுந்த சேறு சோப்புக்கும் போகாது. சோற்றைப் பிசையும்போது அந்த வாடை மேலே வரும்... பாசியும் மழையும் கலந்த வாடை. ஒரு மழைக்காலம் முழுக்க நான் அதோடுதான் சாப்பிட்டேன்.

யாங்கூனில் ஒரு சின்னப் பள்ளியில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்த புதிது. இங்கே டீச்சரை 'சயாமா' என்று கூப்பிடுவார்கள். வீடு நகரின் நடுவில், லான்மடாவில். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், நாள் முழுக்கக் கத்திவிட்டு, அதேபோல் தொங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

பள்ளிக்குப் பின்னால் பள்ளமாக ஒரு மூலை. உடைந்த பெஞ்சு, செங்கல், சகதி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அங்கே ஒரு தோட்டம் போடலாமா, இந்த மண்ணுக்கே உரிய செடிகளாக வைக்கலாமா என்று கேட்டேன்.

தலைமையாசிரியை டோ சான் கொஞ்சம் யோசித்தார். "மழை முடியிறதுக்குள்ள பச்சையா ஏதாவது நிக்கணும். இல்லன்னா சிமெண்டு போட்டுக் கார் நிறுத்த விட்டுடுவேன்."

என்ன வைப்பது என்று கேட்டதும் பிள்ளைகள் ஒரே குரலாக "தனகா" என்றார்கள். பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுகிறோமே, அந்த மரம். பர்மா என்றாலே தனகாதானே! யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஒரு பையனின் மாமா மேல்பர்மாவிலிருந்து லாரியில் கன்றுகள் அனுப்பினார்.

முதல் பெருமழைக்கே பாத்தியெல்லாம் குளமாகிவிட்டது.

வாளியால் இறைத்தோம். வாய்க்கால் வெட்டினோம். செங்கல் அடுக்கி வரப்புக் கட்டினோம். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் குளம்... பிள்ளைகளின் பச்சை யூனிஃபார்ம் லுங்கியெல்லாம் சேற்று நிறமாகிவிட்டது. ஒரு பிள்ளையின் அம்மா பள்ளி கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "படிக்க அனுப்புனோமா, சேறள்ள அனுப்புனோமா?"

கன்றுகள் மஞ்சளாகின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் கறுத்து, நனைந்த கயிறுபோல் கையோடு வந்தது. வறண்ட சீமையில் வளரும் மரம், எங்கள் ஆற்றோரத்துக் களிமண்ணில் மூச்சுத் திணறிச் செத்திருந்தது.

வகுப்பில் எல்லோரையும்விட அதிகம் இறைத்தவள் செல்வி. பள்ளிப் பதிவில் மா நிலார் என்று பர்மாப் பெயர், வீட்டில் செல்வி. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து படகில் வருவாள். மற்றவர்களிடம் பர்மி, என்னிடம் மட்டும் தமிழ். அன்றைக்கு அவள் வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"முடியல சயாமா. இந்தத் தண்ணி எங்கயும் போவாது. கெடந்துட்டுப் போவட்டும். கையெல்லாம் வலிக்குது."

"சரி, விட்டுடு" என்றேன். எனக்கும் தோள் விட்டுப்போயிருந்தது.

பிறகு பரீட்சை வந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. தோட்டம் நடக்காது என்று டோ சானிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, வாளிகளை எடுத்து வைக்கப் போனேன்.

தண்ணீர் தெளிந்திருந்தது. சாக்கடை ஓரத்திலிருந்து கசூன் கீரை, அதுதான் வள்ளைக்கீரை, கொடிவிட்டுப் பாதிக் குளத்தை மூடியிருந்தது. ஓரமெல்லாம் கோரை. தலைப்பிரட்டைகள் கூட்டமாக நெளிந்தன. சிவப்பாக ஒரு தும்பி...

ஓடிப்போய்ச் செல்வியைக் கூட்டிவந்தேன். குனிந்து கோரையை விலக்கிப் பார்த்தாள்.

"நம்ம யாரும் வைக்கலியே சயாமா?"

"வைக்கல."

"அப்ப இதெல்லாம் எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"நமக்கு முன்னாடிலேர்ந்து."

அதற்குப் பிறகு யாரும் தண்ணீரை விரட்டவில்லை. செங்கற்களைப் போட்டு நடக்க வழி செய்தார்கள். செல்வி டாலாவிலிருந்து அல்லிக் கிழங்கை ஈரத்துணியில் சுற்றி, படகில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருவன் த்வாண்டே கால்வாய்க் கரையிலிருந்து, கூரைக்கு ஓலை தரும் டனிப் பனையின் காயைக் கொண்டுவந்து ஊன்றினான். கொசுப்புழு தின்னச் சின்ன மீன்களும் வந்தன.

மழை ஓய்ந்ததும் டோ சான் பார்க்க வந்தார். புருவத்தைச் சுருக்கினார். "இது தோட்டமா, குளமா?"

"ரெண்டும்தான்" என்றாள் செல்வி, பயமே இல்லாமல்.

"கொசு வந்தா மூடிடுவேன்" என்றார். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் செங்கல் வழியில் கடைசிவரை நடந்து பார்த்தார்.

சில மழைக்காலங்கள் அது இருந்தது. பிறகு பள்ளியை மூடினார்கள். திறக்கவே இல்லை. கட்டிடம் கைமாறி, அந்த மூலையை நிரப்பி ஜெனரேட்டர் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருநாள் கேட் வரைக்கும் போனேன். உள்ளே விடச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

இப்போது வீட்டிலேயே ட்யூஷன். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் பாடம். வேர், இலை எல்லாம் போனில் படம்தான். பிள்ளைகள் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை... என்னிடமும் வேறு எதுவும் இல்லை.

அந்தத் தோட்டம் போட்ட நாட்களிலும் அலுப்புதான். ஆனால் படுத்ததும் தூங்கிப்போவேன். இப்போது அதுவும் கிடையாது.

செல்வி மலேசியாவில் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறாள். போன வாரம் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். சயாமா என்பது எப்போதோ அக்காவாகிவிட்டது.

"அக்கா, ரெண்டு ஷிப்டு ஓடுது. லீவு நாள்ல தூங்கி எந்திரிச்சா சாயங்காலம் ஆயிடுது. நீங்க எப்பிடி இருக்கீங்க?"

என்னென்னவோ டைப் செய்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் அனுப்பினேன்.

"இனிமேதான்க்கா. நீங்க?"

"நானும் இனிமேதான்."